ஏரிக்கு எடுத்துட்டுப் போன அரிசி மூட்டை

கம்போடியா போயிட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. அங்கோர் வாட் பத்தி எழுது, செலவு எவ்ளோ ஆச்சு, சின்னப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகலாமான்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எழுதலாம்னு உக்காரும்போதெல்லாம் கோயில் வர மாட்டேங்குது. 50 கிலோ அரிசி மூட்டை ஒண்ணும், அன்னைக்கே கொஞ்ச நேரம் கழிச்சு என் முன்னாடி வச்ச ஒரு தட்டுச் சோறும்தான் வருது. அத இறக்கி வச்சாத்தான் மத்தது எதுவும் எழுத வரும் போல.

நாங்க நாலு பேர். நான், வீட்டம்மா, ஒம்பது வயசுப் பொண்ணு, அப்புறம் எங்க அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, அதான் முதல் வெளிநாடு. டெல்டா பக்கத்துல விவசாயக் குடும்பத்துல பொறந்து, களத்துலயும் நெல்லுலயும் வளந்தவங்க. அரையாண்டு லீவுல, டிசம்பர் கடைசில போனோம். ஏரிக்குப் போகணும்னு முதல்ல எங்க திட்டத்துலயே இல்ல. பாயோன் கோயில்லதான் அது ஆரம்பிச்சுச்சு. எல்லாரும் மேல இருக்கற அந்தப் பெரிய பெரிய முகங்களப் பாத்துட்டு இருந்தப்ப அம்மா கீழ வெளிச் சுத்துச் சுவர்லயே நின்னுட்டாங்க. ஏழாம் ஜெயவர்மன்ங்கற ராஜா காலத்துச் செதுக்கல், 800 வருஷம் பழசு. மேல கெமர் படையும் (அந்தக் காலத்துக் கம்போடியாக்காரங்க) சம்பா படையும் (இன்னைக்கு வியட்நாம் இருக்கற பக்கத்து ராஜ்ஜியம்) படகுல மோதிக்கிறாங்க, படகுக்கு அடியில மீன் மீனா செதுக்கி வச்சிருக்கான், அதுக்கும் கீழ ஊர் ஜனங்க, சந்தை, சேவச் சண்டை, அடுப்புல பானை வச்சு சமைக்கற ஆளுங்க. ராஜாவ விட்டுட்டு அம்மா அந்த அடுப்பயே பாத்துட்டு இருந்தாங்க. இந்தச் சண்டை நடந்தது டோன்லே சாப் ஏரியில, இன்னைக்கும் ஜனங்க அது மேலயே வீடு கட்டி இருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் "அங்க போலாமா தம்பி"ன்னு கேட்டாங்க. அம்மா வாய் தொறந்து ஒண்ணு வேணும்னு கேட்டது அந்த ட்ரிப்லயே அது ஒண்ணுதான்.

மறுநாள் காலைல சியாம் ரீப்ல இருந்து கிளம்பினோம். வழியெல்லாம் அறுப்பு முடிஞ்ச வயல், ரோட்டோரமா தார்ப்பாய் விரிச்சு நெல் காயப்போட்டிருந்தாங்க. அம்மா வண்டிய நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு நெல்ல எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டு "இன்னும் ரெண்டு வெயில் வேணும்"னாங்க. அங்க நின்ன பொம்பளைக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல, அவங்களும் ஒண்ணு எடுத்துக் கடிச்சுட்டுத் தலைய ஆட்டினாங்க.

திரும்பி ஓடற ஆறு

நாங்க போன ஊரோட பேர எழுதப் போறதில்ல. டோன்லே சாப் கரைல இந்த மாதிரி ஊர் நிறைய இருக்கு, சோங் க்னியாஸ், கம்போங் ப்ளுக், கம்போங் க்ளியாங்னு ட்ரிப் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேருங்க. சில ஊர்ல வீடுங்க ரெண்டு மாடி உயரத்துக்குக் கால் நட்டு அது மேல நிக்கும், சில ஊர்ல வீடே தண்ணியில மிதக்கும். நாங்க பாத்தது மிதக்கற ஊரு. டிக்கெட் எடுத்ததும் படகோட ஒரு கைடு பையன அனுப்பினாங்க, இருபது வயசு இருந்தா அதிகம், அந்த ஊர்லயே பொறந்தவன். என்னைய 'பொங்'னு கூப்பிட்டான், அப்படின்னா அண்ணன். அம்மாவ 'யேய்'னு கூப்பிட்டான், பாட்டின்னு அர்த்தம். ரெண்டு கையையும் சேத்து அவன் கும்பிட்டப்பவே அம்மாவுக்கு அவனப் பிடிச்சுப்போச்சு.

அந்த ஏரியப் பத்தி அவன் சொன்ன விதம் அழகா இருந்துச்சு. படகுப் பலகைல தண்ணிய விரலால தொட்டு ஒரு கோடு போட்டான், இது மீகாங். இன்னொரு கோடு, இது டோன்லே சாப் ஆறு. ரெண்டும் தலைநகர் புனோம் பென்ல சேருது. மழைக்காலத்துல மீகாங் பெருகும்போது அந்தத் தண்ணி போக இடமில்லாம இந்த ஆத்துக்குள்ள ஏறும், ஆறு அப்படியே எதிர்ப் பக்கமா ஓடி ஏரிய நிரப்பும். ஜூன் மாசம் இந்த ஏத்தம் தொடங்கும், மழை ஓஞ்சதும் ஆறு மறுபடி கடலப் பாத்துத் திரும்பும், அதத்தான் நவம்பர் பக்கம் பெரிய தண்ணித் திருவிழாவாக் கொண்டாடறாங்க, படகுப் போட்டியெல்லாம் வச்சு. கோடைல 2,500 சதுர கிலோமீட்டர், ஒரு ஆள் நடந்தே போகலாங்கற மாதிரி ஒரு மீட்டர் ஆழம். மழை நல்லாப் பேஞ்ச வருஷத்துல 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஒம்பது மீட்டர் ஆழம். கரையோரக் காடு மொத்தமும் முங்கிப்போகும், அந்த முங்கின காட்டுக்குள்ளதான் மீன் முட்டையிட்டுக் குஞ்சு வளரும். அந்த நாட்டு ஜனங்க சாப்பாட்டுல கிடைக்கற விலங்குப் புரதத்துல பாதிக்கு மேல மீன்லேர்ந்துதான் வருது, அதுல பெரும்பங்கு இந்தத் தண்ணி குடுத்தது. தண்ணி வத்த வத்த வீட்டையே படகுல கட்டி உள்ள இழுத்துட்டுப் போவோம், வருஷத்துல பல தடவை மாறுவோம்னு அவன் சொன்னத நான் அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப கடுதாசி போட்டா எப்படிப் போய்ச் சேரும்?"னு கேட்டாங்க. அவன்கிட்ட கேட்டேன். "எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் யேய்"னான்.

ஆகாயத்தாமரைய விலக்கிட்டுப் படகு போச்சு. மூங்கில் கட்டு மேலயும் எண்ணெய் டிரம் மேலயும் கட்டின வீடுங்க, திண்ணைல ஊஞ்சல் மாதிரி வலைத் தொட்டில், மிதக்கற பன்னிக் கூண்டு, மிதக்கற கோயில். ஒரு மூணு வயசுக் குழந்தை அலுமினியக் குண்டான்ல உக்காந்து கையாலயே துடுப்புப் போட்டுட்டுப் போச்சு, என் பொண்ணு அதயே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வந்தா. இந்த மாதிரி ஊருங்கள்ல வியட்நாம் வம்சாவளி ஆளுங்களும் நிறைய, தலைமுறை தலைமுறையா இங்கயே இருந்தும் பல பேருக்குக் குடியுரிமைக் காகிதம் கிடையாது, காகிதம் இல்லாததால கரைல நிலம் வாங்க முடியாது, அதனால தண்ணி மேலயே. 1948க்கு அப்புறம் இலங்கை மலையகத்துல நம்ம ஜனங்களுக்கு நடந்ததத் தெரிஞ்சவங்களுக்கு இத விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

மூட்டை

பாதி தூரத்துல படகு ஒரு மிதக்கற கடையில நின்னுச்சு. பையன் குரல் அங்க மாறிப்போச்சு, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற மாதிரி. இங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க, புயல்ல போயிட்டாங்க, சாப்பாட்டுக்குக் கஷ்டம், நீங்க காசாக் குடுக்க வேண்டாம், அரிசியாக் குடுங்க, உங்க கையாலயே குடுங்க. ஒரு மூட்டை 50 டாலர், அவங்க காசுல ரெண்டு லட்சம் ரியல். விலை அதிகம்னு அப்பவே தெரிஞ்சுது. ஆனா என் பொண்ணு என் கையப் பிடிச்சுட்டு நிக்கறா, அந்தக் குண்டான் குழந்தை கண்ணுலயே இருக்கு. எடுத்துக் குடுத்துட்டேன். குடுத்தப்ப மனசுக்கு நிஜமாவே ரொம்ப நல்லா இருந்துச்சு, அத மறைக்க விரும்பல.

மூட்டைய அம்மா பக்கத்துலதான் வச்சாங்க. படகு மறுபடி கிளம்பினதும் அம்மா அது மேல கைய வச்சாங்க, அரிசி மூட்டையப் பாத்தா அவங்க கை தானாப் போகும். கொஞ்ச நேரம் தடவிட்டே இருந்துட்டு, மெதுவா, என்னையப் பாக்காமயே, "தம்பி, இது நெறையத் தடவ ஏறி இறங்கின மூட்டைடா"ன்னாங்க. எனக்குப் புரியல. அம்மா காட்டினாங்க. ஆளுங்க பிடிச்சுத் தூக்கற நாலு முனையிலயும் அச்சுப் போட்ட எழுத்து முழுக்கத் தேஞ்சு வெள்ளையாப் போயிருக்கு, நடுவுல மட்டும் எழுத்து அப்படியே இருக்கு. அடியில வரி வரியா அழுக்கு, ஒவ்வொரு தடவையும் படகுத் தரை ஈரத்துல உக்காந்த தடம். மேல மிஷின் தையல் ஒரு நூல்கூடப் பிரியல. அம்மா உள்ளங்கையால ஓங்கித் தட்டினாங்க, சாக்கு இடுக்குல இருந்து மாவு மாதிரி பொடி வந்துச்சு. அந்தப் பொடியோட ஒரு வண்டும் வந்து பலகைல ஊர்ந்துச்சு. "வண்டு விழுந்து மாவாகற அளவுக்கு இது சுத்திக்கிட்டே இருக்கு. எந்தப் பிள்ளையும் இதத் திங்கல."

பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வரிசையா உக்காந்திருந்தாங்க, பாட்டுப் பாடினாங்க. என் பொண்ணு மூட்டை மேல கை வச்சு நிக்கற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம். அம்மா மட்டும் பின்கட்டுப் பக்கம் போயிட்டு வந்தாங்க. இத்தன பிள்ளைக்குச் சோறு வடிக்கற எடத்துல ஒரு பெரிய ஏனமாவது இருக்கணும், அடுப்புல சாம்பலாவது இருக்கணும், ஒண்ணும் இல்லன்னாங்க. அதக் கேட்டதும் எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. மூட்டையப் பிரிங்க, ஒரு படி அரிசி எடுத்து இப்பவே உலை வைங்க, நாங்க இருந்து பாத்துட்டுப் போறோம்னு சத்தமாவே சொன்னேன். அந்தப் பொறுப்பாளர் சிரிச்ச மொகம் மாறாம நின்னாரு. கைடு பையன் தரையப் பாத்தான். காது ரெண்டும் செவந்திருந்துச்சு. பிள்ளைங்க பாட்ட நிறுத்திட்டு என்னையவே பாத்தாங்க. அம்மா வந்து என் கையப் பிடிச்சு "போதும், வா. அவனுக்கு நாளைக்கும் இங்கதான் பொழப்பு"ன்னு சொல்லிப் படகுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மூட்டை அங்கயே நின்னுச்சு.

திட்டத்துல இல்லாத வீடு

திரும்பற வழியில பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அவன் படகோட்டிகிட்ட என்னமோ சொன்னான், படகு திரும்பிச்சு. "பொங், இது டூர்ல கிடையாது. எங்க மிங் வீடு. அஞ்சு நிமிஷம்." மிங்னா அத்தை, சித்தி முறை. எனக்கு உடனே தோணினது, அடுத்த கடை வருதுன்னுதான்.

சின்ன வீடு. வாசல் பலகைல அந்த அம்மா சின்னச் சின்ன வெள்ளி மீனத் தலை கிள்ளிக் கூடையில போட்டுட்டு இருந்தாங்க. த்ரெய் ரியல்னு பேரு, அவங்க ரூபாய்க்கும் அதே பேருதான். டிசம்பர், ஜனவரில ஏரித் தண்ணியோட இறங்கி ஆத்துக்கு வரும், அதப் பிடிச்சு உப்புப் போட்டு நொதிக்க வச்சு பிராஹோக்னு வருஷம் முழுக்க வச்சுக்குவாங்க. எங்க அம்மா யாரையும் எதுவும் கேக்கல. சேலைய இழுத்துச் சொருகிட்டு எதிர்ல உக்காந்து அவங்களும் மீன் கிள்ள ஆரம்பிச்சுட்டாங்க. ஆளுக்கு ஒரு பாஷை பேசிட்டு ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அந்த அம்மா கையக் கழுவிட்டு உள்ள போய் நாலு தட்டு எடுத்துட்டு வந்தாங்க. சோறு, பொரிச்ச மீன், ஏதோ ஒரு கீரைத் தண்டு. "ஞாம் பாய், ஞாம் பாய்"னாங்க. ஞாம்னா சாப்பிடறது, பாய்னா சோறு. அந்த ஊர்ல எந்தச் சாப்பாடா இருந்தாலும் 'சோறு சாப்பிடு'தான், பாத்ததும் 'சோறு சாப்டாச்சா'ன்னுதான் கேப்பாங்க, நம்மளப் போலவே.

அம்மா ரெண்டு கையாலயும் தட்ட வாங்கிக்கிட்டாங்க. வீட்டம்மாவும் பொண்ணும் வாங்கிட்டாங்க. நான் வயித்தத் தொட்டுக் காட்டி, வயிறு சரியில்ல, வேண்டாம்னேன். வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. ஏமாந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி, இதுவும் ஒரு ஏற்பாடா இருக்கும், சாப்பிட்டு முடிச்சதும் ஒரு தொகை சொல்லுவாங்கன்னு என் மனசு கணக்குப் போட்டு முடிச்சிருச்சு. அந்த அம்மா ரெண்டாவது தடவையும் நீட்டினாங்க. ரெண்டாவது தடவையும் தலைய ஆட்டினேன். அவங்க அந்தத் தட்டத் திருப்பி உள்ள எடுத்துட்டுப் போனாங்க, நடந்து போன அந்த முதுகு எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. கிளம்பும்போது பத்து டாலர் நோட்ட நீட்டினேன். அந்த அம்மா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாங்க. பையன் "பொங், ப்ளீஸ்"னான். பள்ளிக்கூடத்துல அவன் முகம் இருந்தத விட அப்பதான் மோசமா இருந்துச்சு.

ஊருக்கு வந்தப்புறம்

ஊருக்கு வந்து தேடிப் பாத்தா இந்த அரிசி விஷயம் ஊரறிஞ்ச கதை, எத்தனையோ நாட்டுக்காரங்க வருஷக்கணக்கா எழுதியிருக்காங்க. அதத் தாண்டிப் படிக்கப் படிக்க எனக்கு வேற ஒண்ணு தெரிஞ்சுது. கம்போடியாவுல காப்பகப் பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு 2011லயே ஆய்வு வந்திருக்கு. பாக்க வந்து பரிதாபப்பட்டுக் காசு குடுக்கற எங்கள மாதிரி ஆளுங்க கூடக் கூடத்தான் காப்பகமும் கூடியிருக்கு. குழந்தைங்க சுற்றுலாவுக்குக் காட்டற பொருள் இல்லன்னு ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்ங்கற அமைப்பு அங்க பெரிய பிரச்சாரமே பண்ணுது. அப்ப அந்த மூட்டையத் தைச்சது கடைக்காரம்மா மட்டும் இல்ல. என் பொண்ணு கையால ஒரு மூட்டை குடுத்து அத ஃபோட்டோ எடுக்கணும்ங்கற என் ஆசையும் அதுல ஒரு நூல்.

இன்னொரு பக்கம் ஏரி. 2012ல பெரிய பெரிய குத்தகை மீன்பிடிப் பகுதிங்கள ரத்து பண்ணி ஜனங்களுக்குத் தொறந்து விட்டாங்க, ஆனா மீன் பெருகல. 2019லயும் 2020லயும் மீகாங்ல தண்ணி ரொம்பக் கம்மி, மேல மழையும் இல்ல, அதுக்கு மேல அணைங்க. ஆறு திரும்பி ஓடறதே தள்ளிப்போச்சு. ஆறு திரும்பலன்னா காடு முங்காது, காடு முங்கலன்னா மீன் இல்ல. மீன் இல்லாத வருஷத்துல இருபது வயசுப் பையன் என்ன பண்ணுவான்? நல்லா இங்கிலீஷ் பேசறவன் கைடாப் போவான், போனா அந்தக் கடையில படக நிறுத்தித்தான் ஆகணும். இதெல்லாம் யோசிச்சுப் பாத்தா 50 டாலர் மேல இருந்த கோவம் எப்பவோ போயிருச்சு. ஆனா அதுக்காக அது சரின்னும் என்னால சொல்ல முடியல, வண்டு விழுந்த அரிசிய வச்சுப் பிள்ளைங்களப் பாட வைக்கறது தப்புதான், யார் பண்ணாலும். போகாதீங்கன்னும் சொல்ல வரல. போனா மூட்டை வாங்காதீங்க, பள்ளிக்கூடத்துக்குள்ள போகாதீங்க, படகுக்காரருக்கும் கைடுக்கும் கையில நேராக் குடுங்க, அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.

ஃபோட்டோ இன்னும் ஃபேமிலி குரூப்ல இருக்கு. எடுத்த உடனேயே அனுப்பிட்டேன், அத்தனை பேரும் கை கூப்பி, இதயம் போட்டு, "நல்ல மனசு"ன்னு எழுதியிருக்காங்க. பொண்ணு கேட்டா என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லிட்டேன், அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அப்பா, அந்த அண்ணா நம்மள ஏன் அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" எனக்கு பதில் தெரியும், சொல்றதுக்குத்தான் நேரமாச்சு. இங்க வந்திருக்கற ஒரு பாட்டி முன்னாடி, எங்க ஊரு இது மட்டும் இல்லன்னு அவன் காட்ட நினைச்சான்.

படகுல கரைக்கு வரும்போது நடந்தத இன்னும் சொல்லல. வெயில் சாஞ்சிருச்சு, அம்மா கைல இன்னும் மீன் வாசம். அந்தச் சோத்துக்கு அரிசி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பையன்கிட்ட கேக்கச் சொன்னாங்க. கேட்டேன். கரைல விவசாயம் பண்றவங்க அறுப்பு முடிச்சுட்டு இந்த மாசம் நெல்லோட வருவாங்க, மீன வாங்கிட்டு நெல்லக் குடுத்துட்டுப் போவாங்க, அவங்களுக்கு வருஷத்துக்கு பிராஹோக் ஆச்சு, எங்களுக்கு அரிசி ஆச்சு, தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்னான். காலைல ரோட்டோரத்துல காஞ்சிட்டு இருந்துச்சே, அந்த மாதிரி நெல்லு.

அம்மாவுக்கு அத மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. "வாயில வச்சதுமே தெரிஞ்சுது, கொழகொழன்னு இருந்துச்சு, அந்த வாசம் வேற எதுக்கும் வராது"ன்னாங்க. நான் ஏன் சாப்பிடலன்னு கேப்பாங்கன்னு காத்துட்டு இருந்தேன். கேக்கல. எங்களுக்குப் பொங்கலுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. அம்மா தண்ணியப் பாத்துக்கிட்டே, "இந்த வருஷம் பொங்கலுக்கு முன்னாடியே எனக்குப் புது அரிசி கெடச்சிருச்சு"ன்னாங்க.